வாவியைத் தாண்டிய சிறுநீரகம்

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு, கொக்கட்டிச்சோலையில் கோணாமலையின் மாட்டுக்கொட்டில் தகரத்தில் தடாரென்று ஒரு சிறுநீரகம் விழுந்தது. கொட்டிலில் நின்ற எருமை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலுக்குக் குனிந்தது. அது அந்த எருமையுடையதுதான். வெள்ளிக்கிழமை மட்டக்களப்பு ஆஸ்பத்திரி ஒன்றில் கோணாமலையின் தங்கை வதனிக்கு வைத்துத் தைத்திருந்தார்கள். அவளுடைய உடம்பு அதை வெளியே எறிந்துவிட்டது. தையல் பிரியவில்லை, யன்னல் கண்ணாடி மட்டும் உடைந்தது. வாவியைத் தாண்டி அது வீடு திரும்புவது இது மூன்றாவது முறை.

வதனி நெல் வெட்டும் மெஷின் ஓட்டுபவள். முப்பத்தாறு வயதில் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுபோயின. பொருந்தும் மனிதச் சிறுநீரகம் அகப்படவில்லை. காத்தான்குடி டொக்டர் நிஸ்றா, எருமையின் சிறுநீரகத்தைக் குரங்குகளுக்கு வைத்து வென்றவர். எருமைச் சதையின் மேலிருக்கும் ஒரு சர்க்கரையைக் கண்டுதான் மற்ற உடம்பு பகையென்று பாய்கிறது. அதை நீக்கி, எதிர்ப்பை அடக்க மருந்தும் கொடுத்தார். நான்கு குரங்குகள் இரண்டு வருடமாக ஆஸ்பத்திரி மதிலில் இருந்து மாங்காய் தின்றன. வதனிக்கும் அதே வைத்தியம்தான். ஆனால் மருந்தைக் கூட்டக் கூட்டச் சிறுநீரகம் இன்னும் வேகமாகப் பறந்தது. இனி ஒரு தடவைதான் வெட்டலாம், அதற்குமேல் அவள் தாங்கமாட்டாள் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அன்று சிறுநீரகத்தை எடுத்துப்போக ஐஸ் பெட்டியோடு அவரே வந்தார். எருமையின் தொடையில் சுட்டிருந்த குறியைக் கண்டதும் நின்றார். வதனியின் மெஷினிலும் அதே குறியைப் பார்த்திருந்தார்.

"எங்கட குடிக் குறி டொக்டர்," என்றான் கோணாமலை. "தாய்வழியா வாற குலம். எருமைக்கும் எங்களுக்கும் ஒரே குடி. சொந்தம் எண்டுதான் நம்பிக் குடுத்தன்."

"ஒரே குடிக்குள்ள கலியாணம் முடிப்பீங்களா?"

"என்ன கதை இது? அது சகோதரம்."

"எங்கட ஊரிலயும் அப்படித்தான். வேற குடியிலதான் மாப்பிள்ளை எடுப்பம், அவர் பொஞ்சாதி வீட்டுக்கு வந்து இருப்பார். குரங்குக்குக் குடி இல்ல, அதால ஏத்துக்கிட்டுது. வதனிக்கு இருக்கே. மருந்தால பகையை அடக்க அடக்க, உள்ள வந்தது சகோதரம் எண்டு உடம்புக்கு இன்னும் வடிவா விளங்கியிருக்கு."

வதனியின் கணவன் ரதீஸ் வடக்கே கதிரவெளியில் இருந்து வந்தவன். அவனுடைய தாயின் குடிக் குறி சுட்ட எருமை ஒன்று அங்கே நின்றது. அதன் சிறுநீரகம் வியாழக்கிழமை வான் வண்டியில் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில், மணமகளின் அண்ணன் மாப்பிள்ளைக்குக் கால் கழுவுவதுபோல, கோணாமலை ஐஸ் பெட்டிக்குத் தண்ணீர் வார்த்தான். மாப்பிள்ளை சார்பில் ரதீஸ் அவனுக்கு மோதிரம் போட்டான். தாதிமார் ஆலத்தி எடுத்தார்கள். டொக்டர் மருந்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு கத்தியை எடுத்தார்.

சிறுநீரகம் அசையவில்லை. மறுநாள் காலை வதனிக்கு இரண்டு போத்தல் சிறுநீர் போனது. ரதீஸ் கல்லடிப் பாலத்தில் வெடி கொளுத்தினான். விசாரிக்க வந்த பொலிஸ்காரர் காரணத்தைக் கேட்டுவிட்டுத் தானும் ஒரு சரம் கொளுத்தினார். அடுத்த இரண்டு வருடத்தில் பதினொரு பேர் பிழைத்தார்கள். நோயாளியின் பெயருக்கு அடுத்து அவருடைய குடியை எழுதும் வழக்கம் வந்தது.

சிறுநீரகம் தங்கிய முதல் வருட மாசி அறுவடையில் வதனி நாற்பது ஏக்கர் வெட்டினாள். மத்தியானத்தில் மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, வாவியில் கழுத்தளவு தண்ணீரில் வடக்கே பார்த்து நிற்பாள். கோணாமலைக்குப் பயம் பிடித்தது.

"மச்சான், சிறுநீரகம் மறுகா எழும்பிப் பறந்து போயிருமோ?"

"போகாது மச்சான்," என்றான் ரதீஸ். "புதுசா வந்தவன், தாய்வீட்டை நினைக்கான். முதல் வருசம் நானும் அந்த இடத்திலதான் நிண்டு அழுதன்."