எடை

பெட்டி இவ்வளவு லேசாக இருக்கக் கூடாது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது இரண்டு கையாலும் தள்ளித்தான் அதைக் கட்டிலுக்கு அடியில் விட்டுப் போயிருந்தாள். இப்போது ஒரு கை இழுப்புக்கே பூனைக்குட்டி மாதிரி வெளியே வந்தது.

"என்ன, அசந்துட்டியா?" கணவன் கதவில் சாய்ந்து நின்றான். பார்சல் ஆபீசில் பெட்டி கட்டுகிறவன். "எடை கூடிருச்சு, பாதியை எடுத்துடச் சொல்வாங்கன்னு புலம்பினியே. இனி ஏர்போர்ட்ல எவனும் வாயைத் திறக்க முடியாது."

திறந்தாள். கையுறைகள் ஜோடி ஜோடியாக, துவைத்து மடித்த காலுறைகளைப் போல இருந்தன. ஒரு டப்பாவில் பஞ்சுத்துணி. இன்னொன்றில் தையல் நூல்கள், வளைந்த ஊசிகளோடு, தடிமன்வாரியாக ரப்பர் பேண்டு போட்டு. உறை ஒன்றுகூட இல்லை.

"கவரெல்லாம் எங்கங்க?"

"அதுவும் அட்டைப்பெட்டியும்தானே எடையே! நூல் இத்தனூண்டு. சட்டை மட்டும் மாப்பிள்ளைக்குப் போட்ட மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு." சிரித்தான். "சோப்பு போட்டுக் கையைக் கழுவிட்டுத்தான் பிரிச்சோம். அம்மா ரெண்டு தடவை கழுவினாங்க."

அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். உறையின் ஓரம் இம்மி கிழிந்திருந்தாலும், கிருமி புகுந்திருக்கும் என்று உள்ளே இருப்பதைக் குப்பையில் போடுகிறவள். வீட்டில் அதை ஒரு நாளும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

நாளைக் காலை விமானம். கடல் கடந்த ஒரு ஊரில், பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு ஆபரேஷன் முகாம். அங்கே எதுவும் கிடைக்காது, எல்லாம் நாம்தான் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நூல் இவள் பொறுப்பு. மருந்துக் கம்பெனிக்காரர்களிடம் பல்லைக் காட்டிக் காட்டிச் சேர்த்தது. துணியை மறுபடி அவித்துக்கொள்ளலாம். இந்த நூலை அவித்தால் இற்றுப்போகும். நூல் இல்லையென்றால் வரிசையில் நிற்கும் குழந்தைகளை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

லீவு கேட்டு மூன்று முறை அலைந்தாயிற்று. தடுப்பூசி போட்டுக் காய்ச்சலில் கிடந்தாயிற்று. "ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு சொன்னாங்க. பிளேன் ஏறிப் போய் ஊட்டணும்னு யாரும் சொல்லலையே" என்று மாமியார் பருப்பைக் கிளறிக்கொண்டே கேட்டதையும் விழுங்கியாயிற்று. கணவன், "உன் இஷ்டம்" என்றான். அந்த வீட்டில் அதற்கு, கூடாது என்று பொருள். இத்தனை மாதத்தில் இருவரும் இந்தப் பயணத்துக்காகக் கையை அசைத்தது இன்றைக்குத்தான்.

"பிரிச்சா அது செத்துப்போச்சுங்க" என்றாள். குரல் கிறீச்சிட்டது. "குழந்தை வாயில வைக்கிற நூலு. யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க?"

அவன் முகம் சுருங்கியது. டப்பாவைப் பார்த்தான்.

"திரும்பக் கவர்ல போட்டு ஒட்டித் தரட்டுமா? ஆபீஸ்ல மெஷின் இருக்கு. புதுசு மாதிரியே இருக்கும்."

அவளுக்கு டப்பாவைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்கவில்லை. போனை எடுத்து டாக்டருக்குப் போட்டாள். மணி போய்க்கொண்டிருந்தது.

மாமியார் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் ஒரு சின்ன உறை.

"இந்தாம்மா. இது ஒண்ணு மட்டும் சண்டித்தனம் பண்ணுது. பல்லால கடிச்சும் பாத்துட்டேன். நீயே பிரி, உனக்குத்தான் பழக்கம்." பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், "அங்க போய் நேரத்துக்குச் சாப்பிடு" என்றாள்.

"சொல்லும்மா" என்றது போன். "பேக்கிங் முடிஞ்சுதா?"

அவள் உறையை வாங்கி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே மயிரிழை போல நூல் சுருண்டு கிடந்தது. ஓரத்தில் இரண்டு பல் தடம். பல் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று உறையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹலோ? லைன்ல இருக்கியாம்மா?"