நுனியிலிருந்து

சுண்ணாம்பு ஒட்டிய கையோடு என் கடைக்குள் வரக்கூடாது என்று இசக்கிதுரையிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். கண்ணாடி அலமாரியில் அவன் கைரேகையைத் துடைப்பதே எனக்கு ஒரு தனி வேலை. அன்று மாலை முழங்கை வரை கழுவிவிட்டு வந்து நின்றபோது, ஏதோ பெரிய காரியமாகத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் அவன் மகள் ஸுப்ரியா, பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல், தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, ஒரு ஷாம்பு வேணும்."

நான் மேலே தொங்கிய சரத்திலிருந்து ஒரு பாக்கெட்டைப் பிய்த்து நீட்டினேன். இந்தச் சந்தில் ஷாம்பு என்றால் அதுதான். கொச்சி மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டுக்குப் பின்னால் வளையலும் கிளிப்பும் பவுடரும் விற்றுப் பிழைக்கும் ஃபேன்சி ஸ்டோர் என்னுடையது. யாரும் இங்கே வந்து யோசித்து நின்றதில்லை. அவன் அதை வாங்கவில்லை. "இது இல்லக்கா. சுருட்ட முடிக்குன்னு இருக்குமாமே, அது" என்றான். அப்புறம் மகளின் தலையிலிருந்து துண்டை எடுத்தான்.

பின்மண்டையில் முடி முழுக்கத் தேங்காய் நாரைப் போலத் திரண்டு, ஒரே கட்டியாகக் கெட்டித்திருந்தது. அதன்மேல் எண்ணெயை ஊற்றி ஊற்றி அமுக்கியிருந்தான். அவள் அம்மா செல்வலட்சுமி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதிலிருந்து தினமும் காலையில் அந்தப் பிள்ளை அலறுவது என் வீட்டுச் சுவரைத் தாண்டிக் கேட்கும். "அப்பா, மதி! வேதனிக்குது!" என்று, போதும், வலிக்கிறது என்பதைப் பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் கத்துவாள். மேலே இருந்து கீழே ஒரே இழுப்பாகச் சீப்பை இழுப்பான் போலிருக்கிறது. கொஞ்ச நாளாக அலறலே இல்லை. பழகிவிட்டது என்று நான் நினைத்தேன். அவன் சீவுவதையே விட்டுவிட்டு, மேலோட்டமாகத் தடவிப் பின்னி அனுப்பியிருக்கிறான்.

"ஞாயித்துக்கெழம கனகாம்பா மதினி வாராவ" என்றான். கனகாம்பாள், செல்வலட்சுமியின் அக்கா. கோவில்பட்டியில் இருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை வீடியோ காலில் பிள்ளை திரும்பியபோது பின்மண்டையைப் பார்த்துவிட்டாள். ஆம்பளை தனியாக ஒரு பொம்பளைப் பிள்ளையை வளர்க்க முடியாது, நான் கூட்டிக்கொண்டு போய் என் பிள்ளைகளோடு சேர்த்து வளர்க்கிறேன் என்று அன்றைக்கே தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். செல்வலட்சுமி அழுதுவிட்டு, "அக்கா வந்து பாக்கட்டும். அவ சரின்னு சொன்னா பிள்ளை உங்ககூடயே இருக்கட்டும். இல்லன்னா அனுப்பி வச்சுருங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு போனில் தெரிகிற தலையை வைத்துத்தான் அவளும் எதையாவது முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

"வெட்டிட்டா என்ன? தோளு வரைக்கும் வெட்டு. பிள்ளைக்கும் சுகம், உனக்கும் சுகம்" என்றேன்.

"வெட்டுனா, பாத்துக்க முடியாம வெட்டிட்டான்னுதான் சொல்லுவாவ. அது நெசமும் ஆயிரும்லா?"

அலமாரியில் இருந்த பாட்டில்களை எல்லாம் இறக்கி மேஜையில் வைத்தேன். என் முடி குச்சி போல நேரானது. எந்த ஷாம்பு போட்டாலும் சொன்ன பேச்சைக் கேட்கும். அதனால் ஷாம்பு பற்றி எனக்கு அபிப்பிராயமே கிடையாது. கேட்பவர்களுக்கு வாசனையைச் சொல்லி விற்பேன். எல்லாப் பாட்டிலின் முன்பக்கத்திலும் ஒரே பெண் ஒரே மாதிரி முடியை வீசிச் சிரித்தாள். இசக்கிதுரை அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் திருப்பி வைத்தான். "சிமென்ட் மூட்டையில முன்னால யானப் படம் போட்டிருப்பான், கோட்டப் படம் போட்டிருப்பான். எதுக்கு ஆகும்னு பின்னாலதான் எழுதியிருப்பான்" என்றான். பழைய மிளகுக் கிடங்குகளை இடித்துக் காபிக் கடையாகவும் ஹோட்டலாகவும் மாற்றும் வேலைதான் அவனுக்கு இப்போது. சுண்ணாம்புப் பூச்சில் கைதேர்ந்த கொத்தனார். ஆனால் ஆங்கில எழுத்து வராது. ஸுப்ரியா மேஜை விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"சோ-டி-யம்... லா-ரில்... சல்-பேட்."

"சல்பேட்டா?" என்று அவன் துள்ளிவிட்டான். "அது கடக்கரப் பக்கம் சிமென்ட்டயே அரிச்சுப் போடுமேக்கா. அதுக்குன்னு தனிச் சிமென்ட் வாங்கிப் போடுதோம். அதயா பிள்ளை தலைக்குத் தேய்ச்சிருக்கேன்?"

அந்தச் சல்பேட் வேறு, இந்தச் சல்பேட் வேறு என்பதை நான் போனில் தேடிப் பார்த்துச் சொன்னேன். ஷாம்பில் நுரை வருவதற்கும் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கும் போடுவது. எண்ணெய் வழிகிற தலைக்கு அது பரவாயில்லை. சுருட்டை முடி இயல்பிலேயே வறண்டது, தலையில் ஊறுகிற எண்ணெய் வளைந்து வளைந்து நுனி வரைக்கும் போய்ச் சேராது, இருக்கிற கொஞ்சத்தையும் இது கழுவிக்கொண்டு போய்விடும் என்று போட்டிருந்தது. அவன் அந்த வாக்கியத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னான். அப்புறம் சல்பேட் உள்ளதை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினான். மேஜையில் மிச்சமே இல்லை. அப்போதுதான் எனக்கு அலமாரியின் அடித்தட்டு ஞாபகம் வந்தது. ஏஜென்ட் என் தலையில் கட்டிவிட்டுப் போன ஒரு ஜோடி அங்கே தூசு படிந்து கிடந்தது. ஷாம்பு ஒன்று, கண்டிஷனர் ஒன்று. நுரையே வரவில்லை, போலிச் சரக்கு என்று ஒரு பெண் என்னிடம் சண்டைக்கு வந்ததிலிருந்து நான் அந்த வகையை வெளியே எடுத்ததில்லை. ஸுப்ரியா படித்தாள். சல்பேட் இல்லை. கண்டிஷனரில் ஷியா வெண்ணெய், கற்றாழை, கிளிசரின் என்று வந்தது. "கிளிசரின் ஈரத்தப் பிடிச்சு வைக்கும்" என்று அவளே அப்பாவுக்குச் சொன்னாள். பள்ளியில் படித்தது போலிருக்கிறது.

"சனிக்கிழமை பிள்ளையை எங்கிட்ட விட்டுட்டுப் போ, நானே குளிப்பாட்டி விடறேன்" என்றேன். ஆசையாகத்தான் சொன்னேன். எனக்குப் பெண் பிள்ளை இல்லை.

"சொல்லிக் கொடுங்கக்கா. நான்தான் செய்யணும். அடுத்த சனிக்கெழமையும் அதுக்கடுத்த சனிக்கெழமையும் நீங்களா வருவிய?"

சொல்லிக் கொடுக்க எனக்கு மட்டும் என்ன தெரியும்! பாட்டிலைப் பார்த்துச் செய் என்று அனுப்பிவிட்டேன். அதுதான் வினையாகப் போனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸுப்ரியா அழுதுகொண்டே சந்துக்குள் ஓடி வந்தாள். தலை பிசுபிசுத்து, அதில் தெருப் புழுதி எல்லாம் ஒட்டி, காய்ந்த இடங்களில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை அதை ஈர் என்று சொல்லி எழுந்து போய்விட்டதாம். டீச்சர் வேறு வழியில்லாமல் இவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருக்கிறார். நான் விசாரித்தேன். நடந்தது இதுதான். அதிகாலையிலேயே எழுப்பி, கண்டிஷனரைக் கை நிறைய எடுத்து மண்டையிலிருந்து நுனி வரை பூசி, மேலே ஈரத்துணியைச் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டியிருக்கிறான். பூச்சு வேலை முடிந்ததும் அது இறுகட்டும் என்று சுவரில் ஈரச்சாக்கைப் போர்த்தி க்யூரிங் செய்வானே, அதே மாதிரி. பள்ளிக்கு நேரமானதும் துணியை மட்டும் எடுத்துவிட்டு, அலசாமல் அப்படியே பின்னி அனுப்பியிருக்கிறான். அலசினால் போட்டது எல்லாம் போய்விடும் அல்லவா!

வேலை முடிந்து வந்தவனை அவன் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, பாட்டிலின் பின்பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். முடியின் நீளத்தில் மட்டும் தடவவும், மண்டைத் தோலில் படக்கூடாது, சில நிமிடங்கள் விட்டு நன்றாக அலசவும்.

"சில நிமிசத்துல எப்பிடிக்கா க்யூரிங் ஆகும்?"

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "எந்தா மனுஷா இது! பிள்ளை தலையா, ஹோட்டல் சுவரா?" என்று கத்தினேன். உள்ளேயிருந்து ஸுப்ரியா, "நான் பெரியம்மா கூடயே போறேன். அங்க பெரியம்மா தலை சீவி விடும்" என்றாள். கோபத்தில் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அழுதுவிடுவானோ என்று பயந்தேன். அவன் அழவில்லை. "இன்னொருக்க படிங்கக்கா. மொதல்லருந்து" என்றான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதில் எதைப் போட்டாலும் முடி விறைக்கும் என்று, பைப்பில் தண்ணீர் வருகிற நேரம் பார்த்து விடியுமுன்பே குடங்களில் பிடித்து வைத்திருந்தான். முதலில் ஷாம்பை உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் கலந்து, மண்டையில் மட்டும் விரல் நுனியால் தேய்த்தான். நுரை வரவில்லை என்று அவன் கலங்கவில்லை. அலசிவிட்டு, காதுக்குக் கீழே தொங்கிய முடியில் மட்டும் கண்டிஷனரைத் தடவினான். பிறகு நான் கடையிலிருந்து கொண்டு போயிருந்த அகலப்பல் சீப்பை எடுத்து, வழக்கம்போல உச்சியில் வைக்கப் போனான். நான் கையைப் பிடித்தேன். "நுனியிலேர்ந்து. நுனி விட்டாத்தான் அதுக்கு மேல." போனில் பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அவன் சீப்பையே கீழே வைத்துவிட்டு விரலால் தொடங்கினான்.

மதியம் வரைக்கும் ஆயிற்று. இடையில் அலசினான், திரும்பத் தடவினான். சாயா கொடுத்தேன், ஆறிப்போய் அப்படியே இருந்தது. அவன் விரல்கள் தடித்தவை, நகக்கண்ணெல்லாம் வெடித்தவை. அந்த விரல்கள் ஒரு முடிச்சைப் பிடித்தால், அதற்கு மேலே முடியை இன்னொரு கை இறுக்கிக்கொள்ளும், மண்டையில் இழுப்புத் தெரியாமல் இருக்க. அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கட்டி கரைந்து கரைந்து, கடைசியில் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. அதை வெட்டிவிடலாம் என்று நான் கத்தரியை எடுத்துக்கூட வந்தேன். அவன் தலையை ஆட்டினான். அதுவும் விட்டது. அலசியதும் முடி சுருள் சுருளாகப் பிரிந்து இறங்கியது. இவ்வளவு அழகான முடி இத்தனை நாளாக எங்கே ஒளிந்திருந்தது என்று ஒரு சுருளை இழுத்துவிட்டுப் பார்த்தேன். ஸுப்ரியா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "வேதனிக்கவே இல்ல சகீலாத்தா" என்றாள். அப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள். அவனுக்குக் கேட்டது.

கனகாம்பாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டாள். பிள்ளைக்கு முறுக்கும் கருப்பட்டி மிட்டாயும் கொண்டு வந்திருந்தாள். கூடவே பிள்ளையின் துணிகளை அடுக்கிக்கொள்ள ஒரு காலிப் பையும் இருந்தது. கெட்ட மனுஷி இல்லை. வந்ததும் பிள்ளையைக் கட்டிக்கொண்டு முகமெல்லாம் தடவினாள். பிறகு மடியில் இழுத்து உட்கார வைத்து, பின்னலை அவிழ்த்தாள். விரல்களை உச்சியில் நுழைத்துக் கீழே கொண்டு வந்தாள். எங்கும் சிக்கவில்லை. பின்மண்டையில் மறுபடியும் நுழைத்துப் பார்த்தாள்.

"யாருட்டி பின்னி விட்டது?"

"அப்பா."

கனகாம்பாள் சிரித்தாள். அப்புறம் வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். "நீங்கதானம்மா செஞ்சு விட்டது? நல்லாத்தான் செஞ்சிருக்கிய. ஆனா, நாளைக்கே நீங்க கடையப் பூட்டிட்டுப் போயிட்டா இந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா, சொல்லுங்க?" குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நானாவது, செய்வதாவது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"நீங்க சும்மா இருங்கக்கா" என்றான் இசக்கிதுரை.

உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரும் பிளாஸ்டிக் மக்கும் கொண்டு வந்து முற்றத்தில் வைத்தான். கலவை சுமக்கிற வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். "வா தாயி" என்றதும் ஸுப்ரியா பெரியம்மா மடியிலிருந்து எழுந்து போய், அவன் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். "ஷாம்பு நேத்துதான் போட்டிருக்கு. தெனமும் போட்டா வறண்டுரும். இன்னைக்கு வெறுந்தண்ணியும் கண்டிஷனரும் போதும்" என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னான். கனகாம்பாள் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது. இவன் எவ்வளவு தூரம் போகிறான் பார்ப்போம் என்கிற சிரிப்பு. அவன் அதைப் பார்க்கவில்லை. முடியை மூன்று பங்காகப் பிரித்து, இரண்டைத் தூக்கி முடிந்து, மிச்சமிருந்ததை ஒரு கையால் ஏந்திக்கொண்டான். இன்னொரு கையில் கண்டிஷனர் இருந்தது. மக்கை எடுக்கக் கை இல்லை.

"மதினி, அந்தத் தண்ணியக் கொஞ்சம் ஊத்துங்க."

அவள் உடனே எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் நிலைப்படியைவிட்டு நகரவில்லை. பிறகு எழுந்து, சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மக்கில் தண்ணீரை மொண்டாள். அவன் நுனியைப் பிடித்து விரலை நுழைத்துப் பிரிக்கத் தொடங்கியிருந்தான். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, அப்பாவின் முழங்காலில் தலையைச் சாய்த்துவிட்டாள். தண்ணீர் விழுந்தது.

"மெதுவா மதினி. காதுக்குள்ள போயிரும்" என்றான், நிமிராமலேயே.

கனகாம்பாள் மக்கை நிமிர்த்தினாள். குனிந்து, மறு கையின் உள்ளங்கையால் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு மக்கைத் திரும்பவும் மெல்லச் சாய்த்தாள்.