கப்பல் சட்டப்படி ஓடிய ரயில்

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள தோணிரேவில் பிறந்த ஆண்மகன் ஒருவருக்குப் படகு ஒத்துக்கொள்ளாது என்பது அவ்வளவு எளிதில் வெளியே சொல்லக்கூடிய செய்தி அன்று. ஆயினும் தேசப்பன் அவர்களைப் பற்றி எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கும். ஏரியில் முழங்கால் அளவுத் தண்ணீரில் படகு சும்மா நின்றாலும் போதும். ஏறி அமர்ந்த சற்று நேரத்தில், காலையில் உண்ட பழைய சோற்றை அவர் மிகுந்த பணிவுடன் மீன்களுக்குத் திருப்பியளித்துவிடுவார். மனைவியின் அண்ணன் சுப்பராயலுவின் படகில் மூன்று முறை போய்ப் பார்த்தார். மூன்று முறையும் மீன்கள் கூட்டமாகவே வந்தன. வலை வீச வேண்டியவர்தாம் நிமிரவில்லை.

ஆகவே, ஆடாத இடத்தில் அமர்ந்து செய்யும் தொழிலாக அவர் ரேடியோ பழுதுபார்ப்பதைக் கற்றுக்கொண்டார். மீஞ்சூரில் ஒரு கடையில் இரண்டு ஆண்டுகள் பழகினார். பிறகு காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு விளக்குக் கம்பி இழுத்தார். எல்லாம் பழுதுக்காகக் கரையேற்றிய படகுகள். ஊர் திரும்பித் தம் வீட்டு மூலையில் ஒரு மேசை போட்டார். அது மனைவி லோகநாயகி கருவாட்டுக் கூடை வைக்கும் மூலை. தோணிரேவில் அப்போது பழுதாகிக் கிடந்த ரேடியோக்கள் ஐந்து. ஐந்தையும் தேசப்பன் நன்றாகவே சரிசெய்துவிட்டார். அந்த ஒரு தவறினால் அவை மீண்டும் வரவேயில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு, கார்த்திகை மாதக் கடைசியில் சுப்பராயலு வந்து வாசலில் குந்தினார்.

“மாப்ள, தை பொறந்தா நீ படகுல. சொல்ட்டேன்.”

“வாந்தி வருது மச்சான்.”

“வரட்டும். வாய்க்கு வேலை வந்தா கைக்கு இன்னா வந்துச்சி? கையி சும்மாத்தான கீது?”

லோகநாயகி மீனை அலசிக்கொண்டே சொன்னார்: “அண்ணன் சொல்றதுல இன்னாய்யா தப்பு? வழியெல்லாம் எரை போட்டுக்கினே போனா மீனு தானா பின்னால வரும்.”

தேசப்பனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. பழவேற்காட்டில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே சம்சுதீன் பாய்க்கு நான்கு கடை அறைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் இருந்த தையற்காரர் சவூதிக்குப் போய்விட்டார். அந்த அறை கிடைத்துவிட்டால் சுற்றுவட்டாரத்து ரேடியோக்களெல்லாம் பேருந்தில் வந்து இறங்கும். கிடைக்காவிட்டால் பொங்கல் முடிந்த மறுநாள் ஏரி.

சம்சுதீன் பாய் அறையைக் கேட்டு வந்தவரின் பேச்சைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை. அவர் கூடத்துத் தரையில் மல்லாந்து, கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்திருந்தார். வெளியே தெரிந்தது லுங்கியும் இரண்டு பாதங்களும் மட்டுமே. பாதங்களைப் பார்த்து வணக்கம் சொல்வதா, சற்றுப் பொறுப்பதா என்று தேசப்பன் யோசித்துக்கொண்டிருக்கையில், கட்டிலின் மறுபக்கத்திலிருந்து, தரையில் பூட்டிய குட்டித் தண்டவாளத்தின்மேல் ஒரு சாண் நீளமுள்ள கறுப்பு ரயில் எஞ்சின் ‘விர்’ரென்று வெளிப்பட்டு, அலமாரியைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

மருமகன் துபாயிலிருந்து தம் பிள்ளைக்கு வாங்கியனுப்பிய பொம்மை அது. பிள்ளைக்கு அப்போது எட்டு மாதம். அதன் கையில் கொடுத்தால் கெட்டுவிடும் என்பதால், பாட்டனார் சம்சுதீன் பாய் அன்றாடம் தாமே ஓட்டி அதைப் பாதுகாத்து வந்தார்.

“உனக்கு வெளக்கு வேலை தெரியும்ல?” என்றபடி பாய் வெளியே வந்தார். தாடியில் ஒட்டடை. “இத்தப் பாரு. மூஞ்சில ரெண்டு ஓட்டை கீதா? உள்ள அரிசி மாரி ஒரு பல்பு இருந்துச்சி. செத்துப் போச்சி. கண்ணு தெரியாத வண்டிய எத்தினி நாளு ஓட்டறது? பூனை மேல ரெண்டு வாட்டி ஏறிடுச்சி.”

“பார்க்கறேன் பாய். அந்த ரூமு விஷயம்…”

“வர்ற வெள்ளிக்கெழமை ஜும்மா முடிஞ்சி சம்மந்தி விருந்துக்கு வர்றாரு. அவரு முன்னால இது வெளக்கு போட்டுக்கினு ஓடணும். ஓடினா சாவி உனக்கு. ஓடலன்னா செருப்புக் கடைக்காரன் ஒரு மாசமா நடையா நடக்கறான்.”

சம்மந்தி முகைதீன் பாய் சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று மீஞ்சூரில் இருப்பவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊதலைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பழவேற்காட்டுக்கு வரும்போதெல்லாம் பேருந்தைவிட்டு இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “ரயிலு இல்லாத ஊருல பொண்ணு எடுத்தா இதான் கதி” என்பது அவருடைய வழக்கம். பன்னிரண்டாம் முறை இதைக் கேட்ட பின்புதான் சம்சுதீன் பாய் தம் வீட்டுக்குள் ரயில் விட்டார் என்று அவருடைய மனைவி மெஹருன்னிசா சொல்வதுண்டு.

தேசப்பன் மறுநாளே மெட்ராஸ் ரிச்சி தெருவுக்குப் போனார். அரிசி பல்பு எந்தக் கடையிலும் இல்லை. ஒரு கடைக்காரர், “எல்.இ.டி. எடுத்துக்கோ. சூடாவாது, சீக்கிரம் போவாது” என்றார்.

“வெள்ளை குடுங்க.”

“வெள்ளைல அது வர்லப்பா. செவப்பு, பச்சை, மஞ்சள். எடுத்தா எடு, இல்லன்னா நகரு. பின்னால ஆளு நிக்கிது.”

ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கினார். வீட்டில் கருவாட்டுக் கூடையைச் சற்றுத் தள்ளிவைத்து, ஒரு துண்டுத் தண்டவாளத்தோடும் கரண்ட்டு விடும் குமிழ்ப் பெட்டியோடும் பாயிடம் வாங்கிவந்திருந்த எஞ்சினின் நான்கு திருகுகளையும் கழற்றினார். திருகுகள் கடுகளவே இருந்தன. அவற்றைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டு மூடினார். தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக மின்சாரம் மேலே வருவதையும், அதிலேயே மோட்டார் ஓடுவதையும் கண்டுகொண்டார். அந்தக் கம்பியிலேயே முதல் மஞ்சள் எல்.இ.டி.யை நேரடியாகத் தொட்டுப் பார்த்தார். அது ஒருமுறை அழகாக ஒளிர்ந்து, ஒரு நாற்றத்தை விட்டுவிட்டு உயிர்நீத்தது. இடையில் ஒரு ரெசிஸ்டரை வைத்துக் கரண்ட்டைக் குறைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ் என்பதையும் உறுதி செய்துகொண்டார்.

எஞ்சியது நிறம்தான். கையில் இருந்தவை மஞ்சள் ஒன்று, சிவப்பு இரண்டு, பச்சை இரண்டு. எஞ்சினின் முகத்தில் துளைகள் இரண்டு. தேசப்பனுக்கு இதில் ஐயமே எழவில்லை. ஆளை ஏற்றிக்கொண்டு இருட்டில் போகும் எதற்கும் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. காசிமேட்டில் நாற்பது படகுகளுக்கு அவர் அப்படித்தான் கட்டியிருக்கிறார். எதிரே வருகிறவனுக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரிய வேண்டாமா? ரயிலுக்கு அது எப்படி என்று அவர் பார்த்ததில்லை. மீஞ்சூர்க் கடையில் பழகிய இரண்டு ஆண்டுகளும் நாள்தோறும் பாதி வழி பேருந்திலும் மீதி வழி ரயிலிலுமாகப் போய்வந்தவர்தாம். ஆனால் எப்போதும் கடைசி நொடியில் ஓடிவந்து கம்பியைப் பிடித்து ஏறுவதால், ரயிலைப் பக்கவாட்டில் மட்டுமே அறிந்திருந்தார். அதன் முகத்தோடு அவருக்கு அறிமுகம் இல்லை.

ஈயம் உருக்கிப் பற்றவைக்கையில் பிளாஸ்டிக் உருகிவிடாமலிருக்க, எல்.இ.டி.யின் காலை ஈரத் துணியால் பிடித்துக்கொண்டார். இரண்டும் எரிந்தன. லோகநாயகி எட்டிப் பார்த்தார்.

“நல்லாத்தான் கீது. இன்னா, நம்ம கோயில் தேரு மாரி கீது.”

வெள்ளிக்கிழமை பிரியாணி முடிந்ததும் கூடத்துச் சன்னல்களை எல்லாம் சாத்தினார்கள். பட்டப்பகல் இருட்டாயிற்று. முகைதீன் பாய் நாற்காலியில் அமர்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். மெஹருன்னிசா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றார். தேசப்பன் சுவரோரம் குந்தியிருந்தார், மஞ்சள் எல்.இ.டி. காகிதத்தில் மடித்து அவர் பையில் இருந்தது.

“பச்சைக்கொடி காட்டுங்க சம்மந்தி” என்றார் சம்சுதீன் பாய்.

முகைதீன் பாய் பெரிய மனது வைத்து ஊதலை எடுத்து ஊதினார். சம்சுதீன் பாய் குமிழைத் திருப்பினார். கட்டிலுக்கு அடியிலிருந்து எஞ்சின் வந்தது. சிவப்பும் பச்சையுமாக இரண்டு கண்கள் தரையெங்கும் மினுங்க, அலமாரியைச் சுற்றி, முகைதீன் பாயின் கால்மாட்டுக்கு நேராக வந்தது.

முகைதீன் பாய் பல் குத்துவதை நிறுத்தினார்.

“சம்மந்தி, இது வருதா, போவுதா?”

“வருது. ஏன்?”

“செவப்பு வண்டிக்குப் பின்னால இருக்கும். நான் முப்பத்திரண்டு வருஷம் அத்த மாட்டிக்கினு உட்கார்ந்தவன். முன்னால செவப்பக் கட்டினா, ஒண்ணு வண்டி பின்பக்கமா வருது, இல்லன்னா டிரைவருக்குக் கிறுக்கு.” அவர் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். “ரயிலையே பார்க்காத ஊருன்னு சும்மாவா சொல்றேன்.”

தேசப்பனுக்குச் சுப்பராயலுவின் படகு கண்ணில் தெரிந்தது; அதன் அடித்தட்டில் தேங்கிய தண்ணீரின் வாடைகூட வந்தது. பையில் இருந்த காகிதத்தைத் தொட்டுக்கொண்டு எழுந்தார்.

“பாய், தப்பு என்னுதுதான். கைல மஞ்சள் ஒண்ணு கீது. கால் மணி நேரத்துல மாத்தி…”

“உன்ன யாரு கேட்டா? குந்து” என்றார் சம்சுதீன் பாய். அவர் குரல் மிகவும் அமைதியாக இருந்தது. “நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்.”

முகைதீன் பாயின் இருமல் நின்றது. “நீங்களா?”

“எங்க பாட்டனாருக்குப் பாட்டனாரு கப்பல் வெச்சிருந்தாரு. கப்பல்ல இடது செவப்பு, வலது பச்சை. எங்க ஊட்டுல எது ஓடினாலும் கப்பல் சட்டப்படிதான் ஓடும்.”

“அதுக்கு ரயிலு தண்ணிலயா ஓடுது?”

“மீஞ்சூர்லயும் ஓடல. எங்க கட்டிலு அடியில ஓடுது.”

முகைதீன் பாய் பல் குத்தும் குச்சியைக் கீழே வைத்தார். பிறகு, இத்தனை ஆண்டுகள் வண்டியைச் சோதித்துப் பழகியவரின் கண்ணோடு, “சரி. பின்னால வுடுங்க பார்ப்போம்” என்றார்.

சம்சுதீன் பாய் குமிழை மறுபக்கம் திருப்பினார். எஞ்சின் பின்னோக்கி நகர்ந்தது. இரண்டு விளக்குகளும் அணைந்துபோயின. இருட்டில் சக்கரச் சத்தம் மட்டும் கட்டிலை நோக்கிப் போயிற்று.

பாயின் பார்வை தம்மேல் விழுவதை இருட்டிலும் தேசப்பன் உணர்ந்தார். எல்.இ.டி. ஒரு பக்கக் கரண்ட்டுக்குத்தான் எரியும். பின்னால் போக வேண்டுமென்றால் கரண்ட்டே திரும்பிவிடும். இதை அவர் வீட்டில் யோசிக்கவில்லை. வீட்டில் முன்னால் மட்டுமே ஓட்டிப் பார்த்தார். இதுவும் கப்பல் சட்டமா என்று முகைதீன் பாய் கேட்டுவிட்டால், யாரிடமும் பதில் இல்லை.

அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து மெஹருன்னிசாவின் குரல் வந்தது.

“இதுல இன்னா அதிசயம்? பின்வாங்கற ஆம்பளைங்க எல்லாரும் கண்ண மூடிக்கினுதான போறாங்க. அண்ணனுக்கு இன்னொரு கரண்டி பிரியாணி வெக்கட்டுமா?”

முகைதீன் பாய், போதும் என்றார். கொஞ்சம் வையுங்கள் என்றும் சொன்னார். ரயிலைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்தது.

அவர் பேருந்து ஏறிப் போன பின் சம்சுதீன் பாய் சன்னல்களைத் திறந்தார். எஞ்சினைக் கையில் எடுத்து அதன் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

“தேசப்பா, உண்மையச் சொல்லு. தெரிஞ்சி போட்டியா, தெரியாம போட்டியா?”

“தெரியாமதான் பாய்.”

“நெனச்சேன்.” அவர் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து நீட்டினார். “செருப்புக் கடைக்காரனுக்கு நான் சொல்லிக்கறேன். ஆனா ஒண்ணு. இத்த இனிமே மாத்தின, ரூமக் காலி பண்ணிடுவேன். மஞ்சள் கிஞ்சள்னு கேட்டன்னா தெரியும் சேதி.”

தை பிறந்தது. தேசப்பன் அறையில் மேசை போட்டார். பேருந்தில் ரேடியோக்கள் வந்து இறங்கின. மூன்றாம் வாரம் மீஞ்சூரிலிருந்து ஒரு பழைய ரேடியோவும் வந்தது. முகைதீன் பாய் அனுப்பியது. அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில், ‘பின்னால் ஓடும்போதும் பாட வேண்டும்’ என்று எழுதியிருந்தது.

அதே வாரத்தில் ஒரு நாள் சுப்பராயலு வந்து கடைப்படியில் குந்தினார். வந்த காரியத்தை உடனே சொல்லவில்லை. மீன் விலையைப் பேசினார். காற்று திரும்பியதைப் பேசினார். பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

“மாப்ள, காசிமேட்டுப் படகுங்க மாரி நம்ம படகுக்கும் செவப்பு ஒண்ணு, பச்சை ஒண்ணு கட்டணும். நீதான் தெரிஞ்சவன்னு ஊரே சொல்லுது. நாளைக்குக் காலைல வந்து ஏறி, கம்பி இஸ்துக் குடு.”

தேசப்பன் கையிலிருந்த மீட்டர் கம்பியைக் கீழே வைத்தார். முகத்தில் மரியாதைக்குக் குறைவில்லை.

“கட்டிடலாம் மச்சான். படகக் கடைக்கு இஸ்துக்கினு வா.”