காலி மேசையின் புகைப்படம்

மாதுளை ஏற்றுமதிக்கு அரசாங்கம் பாதிச் செலவைத் தருகிறது என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். வெளிநாட்டுக் கண்காட்சியில் கடை போடு, பழத்தைக் காட்டு, ரசீதைக் கொண்டு வா, பாதியைத் தருகிறோம் என்றார்கள். என் வீட்டுக்காரர் நான்கு பெட்டிப் பழத்தோடு விமானம் ஏறினார். போன வேகத்தில் ஒரு கன்டெய்னர் சரக்குக்கு ஆர்டரும் பிடித்து வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் கப்பலேற்ற வேண்டும். குளிர் கன்டெய்னருக்கு முன்பணம் கட்ட அந்தப் பாதியைத்தான் மலைபோல் நம்பியிருந்தோம்.

ஏற்றுமதி அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்கு ஏறி இறங்கியே என் முட்டி தேய்ந்துவிட்டது. ஐந்தாவது தடவை போனபோதுதான் அதிகாரி எங்கள் ஃபைலைத் திறந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கண்காட்சிப் படத்தைப் பார்த்தார்.

"கடை இருக்கு, போர்டு இருக்கு, உங்க வீட்டுக்காரர் சிரிச்சிட்டு நிக்கிறார். பழம் எங்கம்மா?"

"தின்னுட்டாங்க சார்."

உண்மைதான். என் வீட்டுக்காரர் பெரிய தாராளப் பிரபு. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் உரித்து உரித்துக் கொடுத்து, முதல் நாள் மத்தியானமே நான்கு பெட்டியையும் காலி செய்துவிட்டு, சாயங்காலம் சாவகாசமாகப் படம் எடுத்திருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பழத்தைத் தின்றதால்தானே ஆர்டரே கிடைத்தது? யாரைத் திட்டுவது?

"காலி மேசைக்குப் பணம் குடுத்தா ஆடிட்ல என்னத்தான் கேப்பாங்கம்மா," என்றார் அதிகாரி. அவர் குரலிலும் தெம்பில்லை. "பழத்தப் பாத்தவங்க யாராச்சும் நேரா எங்க ஆபீசுக்கு மெயில் போட்டாப் போதும்."

அங்கே எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் ஆர்டர் கொடுத்தவர்தான். அன்றே அவருக்கு எழுதினேன். அவசரம் புரியட்டும் என்று உள்ளதை உள்ளபடி போட்டேன்: இந்த அரசாங்கப் பணம் வந்தால்தான் எங்களால் கன்டெய்னர் பிடிக்க முடியும், பழத்தைப் பார்த்ததாக ஆபீசுக்குத் தயவுசெய்து உடனே மெயில் அனுப்புங்கள்.

மறுநாளே அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதிகாரி அச்செடுத்த தாளை என் பக்கம் தள்ளினார்.

"நல்ல நேரந்தாம்மா உங்களுக்கு. மொதல் பாராவுலயே எல்லாம் இருக்கு."

இருந்தது. பழங்களை நேரில் பார்த்தாராம், இரண்டைத் தின்றாராம், நிறமும் இனிப்பும் பிரமாதமாம். அடுத்த பாராவையும் படித்தேன். அரசாங்கப் பணத்துக்குக் காத்திருக்கிற கம்பெனியை நம்பித் தன் கடைகளில் இடம் ஒதுக்கி வைக்க முடியாதாம். ஆர்டரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம்.

"ரெண்டாவது பாரா நமக்குத் தேவையில்ல," என்று அதிகாரி முத்திரை குத்தினார். "நாளைக்கே பணம் ஏறிடும்."

மாடிப்படியில் உட்கார்ந்து இவருக்குப் போன் போட்டேன். தோட்டத்தில் பெட்டி அடுக்கும் சத்தம் போனில் கேட்டது.

"பாஸ் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்பாடா. கன்டெய்னருக்குச் சொல்லிடவா? பாதித் தோட்டம் பறிச்சாச்சு."

"பறிக்கிறத நிறுத்தச் சொல்லுங்க."

"ஏன், என்னாச்சு?"

"மொதல்ல நிறுத்துங்க. வந்து சொல்றேன்."