அரை மணிக்கொரு கிளறல்

எவர்சில்வர் டப்பாவின் ஓரங்களில் ஐஸ் கட்டத் தொடங்கியிருந்தது. அவள் அதைக் கரண்டியால் சுரண்டி, நடுவில் இளகிக் கிடந்த கலவையோடு சேர்த்து அடித்தாள். சர்க்கரை போட்ட ஐஸ்கிரீம் என்றால் கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்கும். இது க்ரீம், முட்டையின் மஞ்சள் கரு, சர்க்கரைக்குப் பதிலாக ஒரு இனிப்புப் பொடி, அவ்வளவுதான். விட்டால் கல்லாக இறுகிவிடும். அரை மணிக்கொரு தரம் எடுத்துக் கிளறினால்தான் வழிக்கு வரும். அதனால் தினமும் மதியச் சாப்பாடு முடிந்து இருட்டும்வரை அவளால் தெருமுனைக்குக்கூடப் போக முடியாது.

கணவன் பஸ் ஓட்டியவன். சர்க்கரை வியாதியில் கால்விரலில் வந்த புண் ஆறாமல், விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோதும் அவன் கேட்டது, "அப்ப ஐஸ்கிரீம்?" என்றுதான். அவளாகத்தான் போனில் தேடிப் பார்த்து இதைச் செய்ய ஆரம்பித்தாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. சர்க்கரை இறங்கியது, புண் ஆறியது. "உங்க வீட்டம்மாதான் உங்களுக்கு மருந்து" என்றார் டாக்டர். அவன் அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான். மருந்து என்று பெயர் வாங்கிய பிறகு ஒருத்தி எங்கே போவது?

போக அவளுக்கு ஓர் இடம் இருந்தது. பள்ளி யூனிபார்ம் தைக்கும் கடையில் அவள் துணி வெட்டியவள். புண் வந்தபோது லீவு சொன்னவள் பிறகு போகவே இல்லை. அடுக்கிய துணிக்குள் கத்தரி இறங்கும் சத்தத்துக்கு அவள் ஏங்கினாள். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு இதற்கு ஏங்குவது வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஏங்கினாள். காலையில் கடை மாஸ்டர் போன் செய்திருந்தார்.

"அக்கா, சாயங்காலம் திரும்பக் கூப்பிடுவேன். வர்றேன்னா உங்க மேஜை உங்களுக்குத்தான். இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவேன், கோச்சுக்கக் கூடாது."

அதனால்தான் இன்று கணவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கரண்டியைக் கையில் கொடுத்தாள்.

"அவ்ளோ பெரிய ஸ்டியரிங்க சுத்துன கை இது. இதெல்லாம் ஒரு வேலையா?" என்று லுங்கியை மடித்துக் கட்டினான். உண்மையிலேயே நன்றாகச் செய்தான். ஓரத்து ஐஸைப் பொறுமையாகச் சுரண்டினான், கட்டி விழாமல் அடித்தான். பாத்திரம் கழுவியபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"கைப்பக்குவம் வந்துருச்சே. இனிமே நீங்களே பண்ணிக்கலாம்" என்றாள். கழுவிய தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "திங்கக்கிழமைலேர்ந்து நான் கடைக்குப் போலாம்னு இருக்கேன்" என்றாள்.

கரண்டி நின்றது. அவன் கத்தியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவன் கத்தவில்லை.

"போயேன். யாரு வேணாங்கிறா?"

சொல்லிவிட்டு மேல்தட்டில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த சர்க்கரை டப்பாவை எடுத்தான். ஒரு கரண்டி குவித்து ஐஸ்கிரீமுக்கு மேலே பிடித்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"நீ போயிட்டா நான் யாருக்காக வாயக் கட்டணும்?"

"விளையாடாதீங்க."

"விளையாட்டுத்தான்மா" என்று சிரித்தான். ஆனால் கரண்டியை எடுக்கவில்லை. அதன் விளிம்பிலிருந்து சர்க்கரை மணிமணியாகச் சிந்தியது. மிரட்டுகிறான் என்றால் அவளுக்கு எரிச்சல் வந்திருக்கும். அவன் பயந்துபோயிருந்தான். பகல் முழுக்கத் தனியாக இருக்கப் பயந்தான். அதைப் பார்த்திருக்கவே கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

ஐஸ்கிரீம் டப்பாவை வெடுக்கென்று பிடுங்கி ஃப்ரீசருக்குள் தள்ளினாள். கையில் பாத்திரம் கழுவிய ஈரம். டப்பாவை விட்ட விரல்கள் உள்ளே பனி படர்ந்த தகட்டில் பட்டு அப்படியே ஒட்டிக்கொண்டன.

கூடத்தில் போன் அடித்தது. அவன் சர்க்கரையைத் திரும்பக் கொட்டி மூடிவிட்டு, வேகமாகவே நடந்து போனான்.

"உங்க மாஸ்டர்தான்" என்று அங்கிருந்து குரல் கொடுத்தான். "கையில வேலையா இருக்கியேம்மா. நானே பேசிடட்டுமா?"

அவள் விரல்களை இழுத்தாள். தோல் இழுபட்டது, விரல் வரவில்லை.