ஆவணிப் பக்கம்

பிள்ளைகள் உட்காரும் கடைசி பெஞ்சில், முழங்காலை மடக்க இடமில்லாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தார் கந்தப்பக் கவுண்டர். தலைத்துண்டு மடியில் இருந்தது. தொண்டாமுத்தூர் தோட்டத்தில் ஆடி மாதத்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார். வரவழைத்தவள் நான்தான். இரண்டு முறை சொல்லியனுப்பி, மூன்றாம் முறை நானே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். அவர் மகள் தெய்வாத்தாள் என்னிடம் பதினோராம் வகுப்பு படித்தாள். மார்ச்சில் பரீட்சை எழுத வைத்துக் கோயம்புத்தூர் காலேஜில் சேர்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. அவளுக்கோ அதுதான் உயிர். மகளுடைய கெட்டிக்காரத்தனத்தை அப்பாவுக்குக் கண்ணால் காட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அறுபத்திரண்டில் எனக்கு வயது இருபத்தாறு. அந்த வயதில் அப்படித்தான் தோன்றும்.

வானிலைப் பாடத்தை நான் புத்தகத்திலிருந்து நடத்தவில்லை. ஆளுக்கு ஒரு சங்கதியை விசாரித்து எழுதிக்கொண்டு வந்து வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும். ஒருத்தி பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி வண்டிக்காரர்களிடம் கேட்டு வந்தாள். ராமாமணி பனியைப் பற்றி ஆரம்பித்து, சளி பிடித்த தம்பியைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தாள். “வரலட்சுமி வகுப்புல புள்ளைங்கதான் வாத்தியாருங்க” என்று அரங்கசாமி சார் என்னைக் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

தெய்வாத்தாள் எடுத்துக்கொண்டது மழை. எட்டாம் வகுப்பில் ஒரு பால் பவுடர் டின்னை வாசலில் வைத்து, காலையில் அளவுகோலை விட்டுப் பார்த்து நோட்டில் எழுத ஆரம்பித்தவள், மூன்று வருஷமாக ஒரு நாள் விடவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது அவள் ஆத்தா அளந்து சொல்ல, படுத்தபடியே எழுதியிருக்கிறாள். அந்த நோட்டு எனக்கே மனப்பாடம்.

அன்றைக்கு நன்றாகப் பேசினாள். மாதம் மாதமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆடி முடிந்ததும் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிப் புரட்டாசிக்குப் போய்விட்டாள்.

“ஆவணியை உட்டுப்போட்டியே கண்ணு” என்றேன்.

“அதுல ஒண்ணும் இல்லீங்க டீச்சர்.”

“ஒண்ணும் இல்லைங்கறதும் ஒரு கணக்குத்தான். சொல்லு.”

என்னையே பார்த்தாள். சபைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டு, சொல்லு சொல்லு என்று கையைக் காட்டினேன்.

“மூணு வருசமும் ஆவணி மொதப் பதினஞ்சு நாள்ல சொட்டு மழை இல்லீங்க” என்றாள்.

கடைசி பெஞ்சில் கவுண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று எல்லோருக்கும் முன்னால் நான்தான் கை தட்டினேன்.

மணி அடித்ததும் அவர் என்னிடம் வந்து கும்பிட்டார்.

“நீங்க கூப்புட்டது நல்லதாப் போச்சுங்க டீச்சர். சூலூர்ல தறி போட்டிருக்கற என்ற மச்சான் பையனுக்கு இவளைப் பேசியிருக்குதுங்க. ஆவணி ஒம்பது, இல்லீனா வர்ற சித்திரைன்னு ஜோசியர் ரெண்டே நாள்தான் குறிச்சுக் குடுத்தாருங்க. பெரியவ கண்ணாலத்துல பேஞ்ச மழையில பந்தலே சாஞ்சுபோச்சுங்க. அந்தப் பயத்துல சித்திரைக்குத் தள்ளிப் போட்டிருந்தோம். இப்பத்தான் பயம் தெளிஞ்சுது.”

அவசரமாகக் குறுக்கிட்டேன். “மூணு வருசக் கணக்கை நம்பி நாள் வெக்கலாமுங்களா? இந்த வருசம் பேஞ்சாலும் பேயுமுங்க.”

“என்ற புள்ள எழுதுனா தப்பாதுங்க. நீங்களே கை தட்டுனீங்களே!”

“பரீட்சை?”

“அது எதுக்குங்க இனி” என்று சிரித்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டார்.

மறுநாளும் அடுத்த வாரமும் அவர் வீட்டுக்கு நடந்தேன். மோர் கொடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள், பத்திரிகையும் கொடுத்தார்கள். திரும்பும்போது மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தெய்வாத்தாள் நின்றாள்.

“ஏன் கண்ணு எங்கிட்ட முன்னாலயே சொல்லலை?”

“சொல்லலாம்னுதானுங்க இருந்தேன்” என்றாள். “நோட்டுல இருக்கறதை மறைச்சுப்போடுன்னு நீங்க சொல்லுவீங்களாங்க?”

அன்று வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன்.

ஆவணி பிறந்ததும் தினம் காலையில் எழுந்து வானத்தைத்தான் பார்த்தேன். ஊரில் யாரும் அந்த மாதத்தில் அப்படி மழையை வேண்டியிருக்க மாட்டார்கள். ஒன்பதாம் தேதி வெயில் பளீரென்று அடித்தது. கூரை போடாத இடத்தில்கூட ஜமுக்காளம் விரித்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். “பாத்தீங்களா டீச்சர், என்ற புள்ள சொன்னாப்பலயே!” என்று எதிரே வந்து கூட்டிப்போனார் கவுண்டர். அவர் சந்தோஷத்தில் ஒரு குறையும் இல்லை. அவரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

மணவறைக்கு அழைத்துப் போகும்போது தெய்வாத்தாள் என் பக்கத்தில் வந்ததும் நின்றாள். மாலைக்குள்ளிருந்து கையை நீட்டி என் விரலைப் பிடித்தாள்.

“டீச்சர், மேக்க ஒரு மோடம் நிக்குதுங்க.”

திரும்பிப் பார்த்தேன். வெள்ளியங்கிரி மலைக்கு மேலே கையகலத்தில் ஒரு மேகம். வெள்ளை வெளேரென்று, பஞ்சு பிய்த்த மாதிரி. எந்த மேகம் பெய்யும், எது பெய்யாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

“பேயுமுங்களா?”

“பேயும் கண்ணு” என்றேன்.

அவளை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் அரிசியும் பூவும் தூவினார்கள். தெய்வாத்தாள் கழுத்தை மட்டும் தாழ்த்திக் கொடுத்துவிட்டு மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.