பெஞ்ச் இருக்கும் பக்கம்

தன் சொந்த அணி தோற்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே ஆட்டம் பார்க்கப் போவது எவ்வளவு கேவலமான காரியம் என்று நெல்லோ வெஸ்ஸானிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கிளம்பினான். கோட்டுக்கு மேல், கழுத்தில், அணியின் மஞ்சள் கறுப்புத் துண்டை வேறு சுற்றிக்கொண்டான்.

"துண்டு ஒண்ணுதான் குறைச்சல்," என்றாள் லொரெதானா. அவன் மனைவி. கையெல்லாம் மாவு.

"இது இல்லாம போனா ஊர்ல என்ன பேசுவாங்க?"

"போட்டுக்கிட்டுப் போனா மட்டும் வாயை மூடிக்கப்போறாங்களா? இதோ பாரு, மாவுக்குள்ள பூசணிக்காய் பூரணம் வச்சு தொர்தெல்லி பண்றேன். தோத்தாங்கன்னா ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம். ஜெயிச்சிட்டாங்கன்னா நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவே, நான் ஒத்தையா சாப்பிட்டுக்கறேன்."

"மெதுவா பேசு. ஜன்னல் தொறந்திருக்கு."

அவளும் தோல்விக்குத் தயாராகத்தான் இருந்தாள். அவனுடைய பயிற்சி உடுப்பை இஸ்திரி போட்டு, சாப்பாட்டு மேசை நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டிருந்தாள். சட்டைப்பையிலிருந்து விசிலின் கயிறு எட்டிப் பார்த்தது.

நவம்பரில் அவனைக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் வேலையிலிருந்து நீக்கினார்கள். இப்போது மார்ச். நீக்குவது என்றால் ஒரேயடியாகத் தலைமுழுகிவிடுவது இல்லை, அதில்தான் வயிற்றெரிச்சலே. ஒப்பந்தம் ஜூன் வரை ஓடும். சம்பளம் மாதாமாதம் வந்துவிடும். ஆனால் அந்தப் பருவம் முடிகிறவரை வேறு எந்த அணிப் பக்கமும் தலைவைத்துப் படுக்க முடியாது. அவன் இடத்துக்கு வந்தவன் சொதப்பினால், மூன்றாவதாக ஒருவனைத் தேட மனமில்லாத அணித் தலைவர் பழையவனையே திரும்பக் கூப்பிட்டு உட்கார வைப்பார். ஆக, நீக்கப்பட்ட பயிற்சியாளனுக்கு உலகத்தில் ஒரே ஒரு வேலைதான்: வந்தவன் எப்போது விழுவான் என்று வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது. ஊறுகாய் ஜாடியை அலமாரியில் ஏற்றி வைக்கிற மாதிரி ஆளை ஏற்றி வைத்துவிடுகிறார்கள்.

வந்தவன் யாரோ எவனோ என்றாலாவது போகிறது. வந்தவன் ஃபாவுஸ்தோ. இளமையில் இருவரும் ஒரே அணியின் நடுக்களத்தில் ஆடியவர்கள். ஆடியவர்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. ஓடியது நெல்லோ, ஆடியது ஃபாவுஸ்தோ. எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்குவது, உதைபடுவது, சேற்றில் புரள்வது எல்லாம் இவன் பங்கு. பிடுங்கிய பந்தை இவனிடமிருந்து வாங்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கூட்டத்தைச் சொக்க வைப்பது அவன் பங்கு. ஊர்ப் பெண்கள் ஃபாவுஸ்தோவின் படத்தை வெட்டி வைத்துக்கொண்டார்கள். நெல்லோவுக்குக் கிடைத்தது இரண்டு முழங்காலிலும் தையல். இவன் இராப்பகலாகப் படித்துப் பயிற்சியாளர் தேர்வு எழுதினான். அவன் சும்மா சிரித்துக்கொண்டே தேறிவிட்டான்.

இது நெல்லோ நீக்கப்படுவது நான்காவது முறை. ஐந்தாவதாக ஒருவன் வேலை கொடுக்க மாட்டான் என்பதை யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை தலைவர் போந்தியோலி தொலைபேசியில் அழைத்தபோது அதனால்தான் நின்றுகொண்டே பேசினான். போந்தியோலிக்குப் பன்றித்தொடை உப்புக்கண்டம் போடும் தொழிற்சாலை இருக்கிறது. மனிதர்களையும் தொங்கவிட்டுத்தான் பழக்கம்.

"வெஸ்ஸானி, ஞாயித்துக்கிழமை ஜெயிக்கலேன்னா ஃபாவுஸ்தோ வீட்டுக்குப் போறான். திங்கக்கிழமை காலைல நீங்க மைதானத்துல நிக்கணும். சம்மதமா?"

"நிக்கறேன், தலைவரே."

ஆகவே தோற்றாலும் சரி, சமன் ஆனாலும் சரி. ஜெயிக்காமல் இருந்தால் போதும். அதிகமாக ஒன்றும் அவன் கேட்டுவிடவில்லை.

அரங்கத்தில் அவன் வழக்கமான இடம், பெஞ்சுக்கு நேர் பின்னால், மூன்றாவது வரிசை. பக்கத்தில் அமில்காரே, சதுக்கத்தில் காப்பிக்கடை வைத்திருப்பவன், உப்புப் போட்ட பூசணி விதையைப் பொட்டலத்தோடு மடியில் வைத்துக் கொறித்துக்கொண்டிருந்தான்.

"வா நெல்லோ. யாருக்குக் கைதட்டப்போற இன்னிக்கு?"

"துண்டு தெரியலையா உனக்கு?"

"துண்டு தெரியுது. உள்ளதான் என்னன்னு தெரியல." ஒரு தோலைத் துப்பினான். "கோவிச்சுக்காதடா. நானா இருந்தா எதிரணிக் கோல்கீப்பருக்கு மெழுகுவத்தி ஏத்தி வச்சிருப்பேன்."

முன்வரிசையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நெல்லோவும் சிரித்து வைத்தான். அடுத்த ஆண்டு இவர்கள் எல்லோரும் தன் காலில் விழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். கீழே ஃபாவுஸ்தோ பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனும் பூசணி விதைதான் கொறித்தான். பயிற்சியாளன் செய்கிற காரியமா இது? நெல்லோ பெஞ்சில் உட்கார்ந்ததே கிடையாது. கோட்டோரம் நின்று, மேலும் கீழும் ஓடி, ஒவ்வொரு பந்துக்கும் கரடியாகக் கத்துவான். ஞாயிற்றுக்கிழமை இரவெல்லாம் தொண்டை கட்டி, லொரெதானாவிடம் சைகையில்தான் பேசுவான்.

முதல் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. அரங்கமே உச்சுக்கொட்டியது, நெல்லோவும் கொட்டினான். நெஞ்சுக்குள் யாரோ கதகதப்பாகக் கம்பளி போர்த்திவிட்டது போல இருந்தது. நாளைக் காலை முதலில் யாரை என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டான். முதல் ஆள் எலியாதான்.

எலியா இருபத்துமூன்று வயதுக்காரன், இடது நடுக்களம். காலில் அவ்வளவு அழகை வைத்துக்கொண்டு அதைச் செலவழிக்கத் தெரியாதவன். பின்னாலிருந்து பந்து வரும்போது எதிரணிக் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாங்குவான், வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவான். "பந்து வர்றதுக்கு முன்னாடி தோளுக்குப் பின்னால பாரு! ஆளில்லேன்னா திரும்பு!" நெல்லோ இதை ஜூலையிலிருந்து நவம்பர் வரை தொண்டைத்தண்ணீர் வற்றச் சொன்னான். பந்து அவனை நோக்கி உருளத் தொடங்கியதுமே "திரும்பு!" என்று கத்துவான். பையனுக்கு முதுகில் குச்சி சொருகினாற்போல் ஆகிவிடும். பந்து பின்னால்தான் போகும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பியிருந்தால் நெல்லோ நவம்பரில் வீட்டுக்குப் போயிருக்க மாட்டான்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. மைதானத்தின் எதிர்க்கரையில் ஆடிக்கொண்டிருந்த எலியா பெஞ்ச் இருக்கும் பக்கம் வந்தான். நெல்லோ ஆடிய காலத்தில் இந்த மாற்றம் என்றாலே அவனுக்குப் பயம். அப்போதிருந்த பயிற்சியாளர் ஒரு பேய்க்கத்தல்காரர். ஒரு பாதி முழுக்க அவர் வாய்க்கு அடியில் ஆட வேண்டும், மறு பாதியில் அக்கரையில் மூச்சு விடலாம். மழை பெய்து அக்கரை முழுக்கச் சேறாகக் கிடந்தாலும் அங்கேயே ஆடுகிறேன் என்று கெஞ்சியிருக்கிறான். அதெல்லாம் பழைய கதை. அதை நினைத்து நெல்லோ இலேசாகச் சிரித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

ஒரு மூலைப்பந்தில் எவன் தலையிலோ பட்டு ஒன்றுக்கு ஒன்று ஆயிற்று. பரவாயில்லை, சமன் போதும். மேல் மேடையில் போந்தியோலி கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. நெல்லோவும் பார்த்தான். இன்னும் ஐந்தாறு நிமிடம்.

அப்போதுதான் அந்தப் பந்து வந்தது. வலக்கரையிலிருந்து குறுக்காக, தரையோடு, எலியாவை நோக்கி. அவனுக்குப் பின்னால் ஒரு ஆள்கூட இல்லை. மேலேயிருந்த நெல்லோவுக்கு அது உள்ளங்கை போலத் தெரிந்தது. திரும்பு என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. அதை அப்படியே கடித்து விழுங்கினான். நான் எதற்குச் சொல்ல வேண்டும்? திரும்பாமலே போகட்டும். வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பந்துக்கு வாய் திறக்காமல் இருந்தான். ஃபாவுஸ்தோ ஒரு விதையை உடைத்துக்கொண்டிருந்தான்.

எலியா தோளுக்குப் பின்னால் பார்த்தான். பார்த்துவிட்டு, முதல் தொடுதலிலேயே திரும்பினான். முன்னால் பாதி மைதானம் காலியாகக் கிடந்தது. ஓடினான், ஒருவனைத் தாண்டினான், கோல்கீப்பர் வெளியே வருகிற நேரம் பார்த்து ஓரமாகத் தள்ளிவிட்டான். இரண்டுக்கு ஒன்று.

"அதான்டா! அதான்! அதைத்தானடா சொன்னேன்!"

யார் இப்படிக் கத்துவது என்று திரும்பிப் பார்த்தால் தானேதான். இருக்கையின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். துண்டு கையில் சுழன்றுகொண்டிருந்தது. அமில்காரேயின் விதைப் பொட்டலம் முன்வரிசைக்காரன் தொப்பியில் கொட்டிக் கிடந்தது.

"நெல்லோ," என்றான் அமில்காரே, "தன் வேலையத் தானே கைதட்டி அனுப்பி வைக்கிற ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன்."

நெல்லோ இறங்கி உட்கார்ந்தான். முழங்கால் வலித்தது. மிச்ச நிமிடங்களில் எதிரணி ஒன்று போட்டுவிடாதா என்று நினைக்கக்கூட வெட்கமாக இருந்தது. நினைத்தான். போடவில்லை.

படிக்கட்டில் போந்தியோலி கையைப் பிடித்துக் குலுக்கினார். "பார்த்தேன் வெஸ்ஸானி. எல்லாரையும்விட ஒசரமா குதிச்சது நீங்கதான். பெரிய மனசு உங்களுக்கு. ஜூன் வரைக்கும் நிம்மதியா ஓய்வெடுங்க." உப்புக்கண்டம் ஒன்று அனுப்பி வைப்பதாகவும் சொன்னார்.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. ஆட்டக்காரர்கள் வெளியேறும் வாசலருகே கார்களுக்கு நடுவில் நின்றான். உள்ளேயிருந்து பாட்டும் கூச்சலும் கேட்டன. ஃபாவுஸ்தோ நிருபர்களிடம் "நான் ஒண்ணுமே பண்ணலையே, பையங்க ஆடுறாங்க" என்று சொல்லிச் சிரிப்பதும் கேட்டது. அதில் பொய் இல்லை என்பதுதான் பொறுக்கவில்லை.

எலியா ஈரத்தலையோடு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வந்தான். பார்த்ததும் நின்றான்.

"மிஸ்டர்!" பதவி போனாலும் பயிற்சியாளருக்கு அந்த அழைப்பு போகாது. "பார்த்தீங்களா?"

"பார்த்தேன்." நெல்லோ ஒரு அடி முன்னால் வந்தான். "நாலு மாசம்டா. நாலு மாசம் நாயாக் கத்தினேன். என் வேலை போச்சு. இன்னிக்கு மட்டும் எப்படிடா வந்துச்சு? அவன் என்ன சொல்லிக் குடுத்தான் உனக்கு? சொல்லு, தெரிஞ்சுக்கறேன்."

"அவர் ஒண்ணும் சொல்லல மிஸ்டர்." எலியா தரையைப் பார்த்தான். "நீங்க மூணாவது வரிசைல இருக்கீங்கன்னு தெரியும். பந்து வர்றப்ப உங்க சத்தம் வரும்னு காத்திருந்தேன். வரல. என்னடா இது, ஒண்ணுமே கேக்கலையேன்னு... அப்பத்தான் பின்னால பார்த்தேன்."

"என் சத்தம் வந்தா பார்க்கமாட்டியா?"

"வந்தா உங்களத்தான் பார்ப்பேன். உங்கள பார்த்துட்டு எங்க பின்னால பார்க்கறது?" சொல்லிவிட்டுப் பயந்தவன் போல அவசரமாகச் சேர்த்தான்: "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொல்லிக் குடுத்ததுதான் மிஸ்டர். அதைத்தான் செஞ்சேன்."

காரில் காத்திருந்த நண்பர்கள் ஹாரன் அடித்தார்கள். எலியா கையைக் காட்டிவிட்டு, பாடிக்கொண்டே, பையை ஆட்டிக்கொண்டே போனான். நெல்லோ நின்றான். பிறகு தன்னையறியாமல் கத்தினான்.

"எலியா! இடது கால்டா! முதல் தொடுதல் இடது கால்ல இருந்திருந்தா இன்னும் சீக்கிரம் திரும்பியிருக்கலாம்!"

பாட்டு நின்றது. பையன் நடு நடையில் அப்படியே உறைந்து, தோள் இரண்டும் காதுவரை ஏறி, இவன் பக்கம் முகத்தைத் திருப்பினான். ஜூலையிலிருந்து நவம்பர் வரை ஒவ்வொரு ஞாயிறும் நெல்லோ பார்த்த அதே முகம். பையன் கவனமாகக் கேட்டுக்கொள்கிறான் என்றுதான் அப்போதெல்லாம் நினைத்திருந்தான்.

அந்த முகம் அவனுக்குத் தெரியும். பெஞ்ச் இருக்கும் பக்கம் ஆடுகிறவனின் முகம். ஒரு காலத்தில் அது அவனுடையதாகத்தான் இருந்தது.

"ஒண்ணுமில்ல," என்றான். பிறகு, அது கேட்டிருக்காது என்று தோன்றவே, கையை வீசிக் காட்டினான். "ஒண்ணுமில்லடா. போ. போ."